ஒரு நாளைக்கு ஒரு நம்பர்

எங்கள் பட்டறையில் இருபத்திரண்டு பேர் வேலை பார்த்தோம். ‘எனக்குத் தெரியாது’ என்று வாய்விட்டுச் சொல்லக்கூடியவர் அதில் ஒரே ஒருவர்தான். மீதி இருபத்தொரு பேருக்கும் எல்லாம் தெரியும். நான் லேத் பகுதிக்கு சூப்பர்வைசர் என்பதால் எனக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தெரியும்.

அவர் அங்கே டைப்பிஸ்ட். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு தினமும் பஸ்ஸில் வருவார். முப்பது வயதிருக்கும், என்னைவிட நாலைந்து வயது இளையவர். பட்டறையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் ‘டைப்பிஸ்டம்மா’, அந்தப் பக்கம் போனதும் ‘தெரியலம்மா’. இரண்டாவது பட்டம் ஒருநாள் அவர் காதுக்கே போய்விட்டது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். “தெரியாதத தெரியலன்னுதான சொல்லணும்? வேற என்னன்னு சொல்ல?” என்று நிஜமாகவே பதில் வேண்டி நின்றார். நாங்கள் ஆளுக்கொரு மெஷின் பக்கம் நழுவினோம்.

நூற்பாலைகளுக்கு உதிரி பாகங்கள் செய்கிற பட்டறை அது. தொண்ணூறுகளின் நடுவில் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் மெஷினை வாங்கி இறக்கினார். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இரும்புப் பெட்டி. அதன் விலாவில் வட்டமாகப் பதினாறு கூடுகள், கூட்டுக்கு ஒரு டூல். எந்த டூல் எப்போது வரவேண்டும், எங்கே இறங்கவேண்டும், எவ்வளவு ஆழம் குடையவேண்டும் என்பதையெல்லாம் பக்கத்து அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் படம் போட்டுச் சொல்லவேண்டும். அதிலிருக்கிற சாஃப்ட்வேர் அந்தப் படத்தைப் பக்கம் பக்கமாக நம்பராக மாற்றித் தரும். அந்த நம்பர்களை ஒயர் வழியே அனுப்பினால் மெஷின் தானாக வேலை செய்யும்.

“டைப் அடிக்கத் தெரிஞ்சவங்க நம்மகிட்ட யாரு?” என்று கேட்டார் முதலாளி. அப்படித்தான் டைப்பிஸ்டம்மா அந்தக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். இரும்பு தெரிந்த ஆள் என்று என்னையும் பக்கத்தில் போட்டார்கள். விரல் அவருடையது, மூளை என்னுடையது என்பது முதலாளியின் ஏற்பாடு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மெஷின் விற்றவர்கள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு இன்ஜினியரை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவர் வேகமாகப் பேசினார், பாதி இங்கிலீஷில். நாங்கள் ஐந்து பேர் நின்று தலையாட்டினோம். முதல் நாள் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, “சார், ஆரிஜின்னா என்னன்னு எனக்குத் தெரியல. திரும்பச் சொல்லுங்க” என்றார் டைப்பிஸ்டம்மா. சொன்னார். “இப்பவும் தெரியல” என்றார் இந்த அம்மா. இன்ஜினியருக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஏனுங்க, இதுகூடப் புரியலீங்களா? இவங்க எல்லாத்துக்கும் புரிஞ்சிருச்சு பாருங்க” என்று எங்களைக் காட்டினார். நாங்கள் இன்னொரு தரம் தலையாட்டினோம். உண்மையில் ஆரிஜின் என்றால் என்னவென்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது.

மூன்றாவது தடவை அந்த இன்ஜினியர் ஒரு வெள்ளைத் தாளை மேஜையில் வைத்து, மூலையில் புள்ளி குத்தி, “இங்கிருந்துதானுங்க மெஷின் எல்லாத்தையும் அளக்கும். இது எங்கன்னு நீங்க சொல்லலைன்னா அதுக்கு ஒண்ணுமே தெரியாது” என்றார். அன்றைக்கு அந்தத் தாளைப் பார்த்துத்தான் எனக்கும் விளங்கியது. அதை நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாளிலிருந்து எனக்கு ஒரு வசதி கிடைத்தது. எனக்கு வருகிற சந்தேகத்தைக் குனிந்து அவர் காதோடு சொல்லிவிடுவேன். “கட்டர் கோட்டுக்கு எந்தப் பக்கம் ஓடும்னு கேளும்மா.” அவர் உடனே கையைத் தூக்கி, “சார், கட்டர் கோட்டுக்கு எந்தப் பக்கம் ஓடும்? எனக்குத் தெரியல” என்பார். என் பெயரைச் சொல்லவே மாட்டார். கேள்வி யாருடையதாக இருந்தால் என்ன, பதில் கிடைத்தால் போதும் என்கிற மாதிரி. பயிற்சி முடிந்தும் இது தொடர்ந்தது. டெலிபோனில் கோயம்புத்தூரைக் கூப்பிட்டு அவர் கேட்ட கேள்விகளில் சரிபாதி என்னுடையவை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த முதலாளிக்கு அது எப்படித் தெரியும்? அந்த அம்மாவுக்கு எதுவும் ஏறவில்லை என்றே அவர் நினைத்துக்கொண்டார்.

அவர் கற்றுக்கொண்ட விதமே ஒரு தினுசு. முன்பு டைப் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்தவர் அல்லவா, விரலுக்குத் தெரிந்ததுதான் தெரிந்தது என்று நம்பினார். காலையில் வந்ததும் மேனுவலில் இருக்கிற சின்ன புரோகிராம் ஒன்றை எழுத்து எழுத்தாக அடிப்பார். பிறகு அதில் ஒரே ஒரு நம்பரை மாற்றுவார். திரையில் என்ன மாறுகிறது என்று பார்ப்பார். அவ்வளவுதான், அன்றைய பாடம் முடிந்தது. நான் பொறுமையில்லாமல் நாலைந்து நம்பரை மாற்றினால் என் கையைத் தட்டிவிடுவார்.

“ஒரு நாளைக்கு ஒரு நம்பருதாண்ணே. மூணு மாத்துனா எதுனால மாறுச்சுன்னு எப்பிடித் தெரியும்?”

திரையில் பச்சைக் கோடாக டூல் போகும் பாதை தெரியும். அதையும் அவர் நம்பமாட்டார். பட்டறைத் தரையில் சாக்பீஸால் படத்தைப் பெரிதாக வரைந்து, நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டின் மேல் தானே நடப்பார். வெட்டாமல் வேகமாகப் போகவேண்டிய இடத்தில் விறுவிறுவென்று, வெட்டவேண்டிய இடத்தில் அடிமேல் அடி வைத்து. லேத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள். “ஏலே, டூல் வருது, வழி விடு” என்று ஒருத்தன் கத்துவான். அவரும் சிரித்துக்கொண்டே மூலையில் திரும்புவார். ஒருநாள் நடந்துகொண்டே போனவர் பாதியில் நின்றுவிட்டார். அங்கிருந்து அடுத்த புள்ளிக்குப் போனால் இடையில் இருக்கிற போல்ட்டின் மேல் ஏறவேண்டியிருந்தது. திரையில் நாங்கள் இருவரும் பத்துத் தடவை பார்த்தும் கண்ணில் படாத தப்பு அது.

இரும்பில் வெட்டுவதற்கு முன்னால் துணி சோப்பில் வெட்டிப் பார்ப்பது அவர் கண்டுபிடித்த இன்னொன்று. நீளச் சோப்புக் கட்டியை வைஸ் இடுக்கியில் இறுக்கி ஓட்டுவார். தப்பானால் சோப்புதானே போகும். அவர் கற்றுக்கொண்ட அந்த ஆறு மாதமும் எங்கள் பட்டறைக்கே அந்தச் சோப்புச் சீவல்தான் கைகழுவ. எங்கள் கையிலிருந்த கிரீஸ் அந்த அளவுக்கு அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், சோப்பில் வெட்டிய ஒரு பல்சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அவர் சொன்னார். “அண்ணே, இந்த வேல எனக்கு வேணும். ஒம்பது வருசமா அடுத்தவங்க எழுதுனதயே அடிச்சுக்கிட்டு இருக்கேன். இதுலதான் நான் அடிச்சது ஒரு சாமானா வெளிய வருது.”

தீபாவளிக்குப் பிறகு இந்த வேலைக்கு ஒருத்தர்தான், இன்னொருவர் பழைய இடத்துக்குப் போகவேண்டும் என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். டைப்பிஸ்டம்மா என்னிடம் அப்படிச் சொன்னபோது நான் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டு, “கெடைக்கும் கெடைக்கும்” என்றேன். எனக்கும் அது வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

ஆயுத பூஜை வந்தது. ஆபீஸ் பூஜையைக் காலையிலேயே முடித்து, பொரிகடலை கொடுத்து, வீட்டுப் பூஜைக்காகப் பெண்களை மத்தியானத்தோடு அனுப்பிவிடுவது வழக்கம். டைப்பிஸ்டம்மா போன பிறகு பட்டறைப் பூஜை. எங்கள் பட்டறையில் அன்றைக்கு எல்லா டூலையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வாழையிலையில் பரப்பி, சந்தனம் குங்குமம் வைப்போம். லேத்துக்கு அப்படி, ட்ரில்லிங் மெஷினுக்கு அப்படி. புது மெஷினை மட்டும் விட்டுவிட்டால் அதற்கு மனத்தாங்கல் வராதா? பதினாறையும் நானே கழற்றி இலையில் வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. மெஷினில் முதல் ஆர்டரை அன்றைக்குத்தான் ஓட்டவேண்டும் என்று முதலாளி நாள் குறித்திருந்தார். ஒரு மில் மேனேஜரையும் அழைத்திருந்தார். காலையில் நான் சீக்கிரமே வந்து டூல்களைத் திரும்ப மாட்டினேன். அப்போது எனக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. இந்த மெஷின் டூலை அடையாளம் வைத்திருக்கிறதா, கூட்டை அடையாளம் வைத்திருக்கிறதா? எந்தக் கூட்டில் மாட்டினாலும் அது தேடி எடுத்துக்கொள்ளுமா? காதோடு சொல்லிக் கேட்கச் சொல்வதற்கு அவர் பக்கத்தில் இல்லை. இவ்வளவு பெரிய கம்ப்யூட்டருக்குத் தன் டூல் தெரியாமலா போகும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். சூப்பர்வைசர் கை அல்லவா, ஒழுங்காக இருக்கட்டும் என்று நீளமானதிலிருந்து குட்டையானது வரை வரிசைப்படுத்தி மாட்டினேன். பார்க்க அழகாக இருந்தது.

அவர் பஸ் இறங்கி வந்தபோது எல்லாரும் கூடியிருந்தார்கள். “எல்லாம் ரெடியாண்ணே?” என்றார். “ரெடி” என்றேன்.

“சார், ஒரு தடவ காத்துல ஓட்டிப் பாத்துக்கிடுறேன். செத்த நேரந்தான் ஆகும்” என்று முதலாளியிடம் கேட்டார். புது புரோகிராமை இரும்பு இல்லாமல் வெறுமனே மெதுவாக ஓட்டிப் பார்ப்பது அவர் ஒருநாளும் விடாத பழக்கம்.

“நல்ல நேரம் முடியப்போகுதும்மா” என்று முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஏன்யா, அது அவசியமா?”

“வேண்டாம் சார். முந்தாநாளே பாத்தாச்சு” என்றேன்.

எலுமிச்சம்பழம் நறுக்கி, மெஷின் கதவைச் சாத்தி, அவர் பொத்தானை அழுத்தினார். மெஷின் முதல் கூட்டுக்குப் போனது. அங்கே அவர் வைத்திருந்தது கையகலமான, குட்டையான ஃபேஸ் கட்டர். நான் வைத்திருந்தது சாண் நீள ட்ரில். குட்டைக் கட்டர் வந்திருக்கிறது என்ற நினைப்பிலேயே மெஷின் முழு வேகத்தில் இறங்கியது. ட்ரில் வெளியே வந்த அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. “ஐயோ” என்று கத்தி அவர் சிவப்புப் பொத்தானில் அடித்தார். ட்ரில் மூன்று துண்டானது. வெட்ட வைத்திருந்த வார்ப்பு இரும்பு பிடியை விட்டு எகிறி, கதவுக் கண்ணாடியில் மோதியது. சந்தனம் வைத்த புது மெஷினிலிருந்து தீய்ந்த வாடை வந்தது.

முதலாளிக்குக் கோபம் வந்தால் பேச்சு தெலுங்குக்குப் போய்விடும். அன்றைக்குக் கொஞ்ச நேரம் தெலுங்கில் பேசிவிட்டுத் தமிழுக்கு வந்து, “என்னம்மா பண்ணுனீங்க?” என்றார்.

“என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியல சார். பாத்துச் சொல்றேன்.”

“உங்களுக்கு எதும்மா தெரிஞ்சிருக்கு, இது தெரிய?” என்றவர் என்னைப் பார்த்தார். “நீ சொல்லுய்யா.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மில் மேனேஜரும் பார்த்தார். “புரோகிராம்ல எங்கயோ...” என்று இழுத்தேன். மீதியை அவர்களே முடித்துக்கொண்டார்கள்.

அன்று மாலைக்குள் அவரைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து டைப்ரைட்டருக்கே அனுப்பினார்கள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் தனியாகப் போய் ஒவ்வொரு கூடாக விரலை விட்டுப் பார்த்திருக்கிறார். லேத் பக்கம் என்னைத் தேடி வந்து விரலை நீட்டினார். நுனியில் குங்குமம் ஒட்டியிருந்தது.

“கூட்டுக்குள்ள எல்லாம் குங்குமம் இருக்குண்ணே. பூஜைக்கு டூல வெளிய எடுத்தீங்களா?”

“ஆமா.”

“பொறவு நீங்கதான் மாட்டுனீங்களா?”

“ஆமா.”

“எந்தக் கூட்டுல எதுன்னு ஏன் என்கிட்ட கேக்கல?”

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. தெரியாத ஒருவன் கேட்காமல் இருப்பான் என்பது அவர் அறிவுக்கு எட்டாத விஷயம்.

“சார்ட்ட நான் சொல்லட்டா, நீங்க சொல்றீங்களா?”

“நானே சொல்லிருதேன்” என்றேன். அவர் அதை அப்படியே நம்பினார்.

நான் சொல்லவில்லை. முதல் நாள் முதலாளி கோபமாக இருந்தார். இரண்டாம் நாள் மெஷினைச் சரிசெய்யக் கோயம்புத்தூர் ஆட்கள் வந்திருந்தார்கள். மூன்றாம் நாள் ஏதோ வெளிவேலையாகப் போயிருந்தார். நான்காம் நாளிலிருந்து எனக்குக் காரணம் தேவைப்படவில்லை. தினமும் காலையில் அவர் என்னைக் கடந்து போகும்போது ஒரு தடவை பார்ப்பார். நான் மைக்ரோமீட்டரைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அவர் நினைத்திருந்தால் தானே போய்ச் சொல்லியிருக்கலாம். நான் சொல்வதாகச் சொன்ன விஷயம் என்பதால் அவர் வாய் திறக்கவில்லை. தீபாவளி முடிந்து அவர் வேலைக்கு வரவில்லை. கம்ப்யூட்டர் வேலைக்கு என் பெயர் முடிவானது. அந்தச் சமயத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

சந்தோஷம் மூன்று வாரம் இருந்தது. பிறகு ஒரு வேலை வந்தது. இரும்புத் தட்டின் நடுவே ஒரு குழி, குழிக்கு நடுவில் ஒரு மேடு. மேட்டை விட்டுச் சுற்றிலும் மட்டும் குடையவேண்டும். நான் என்ன செய்தாலும் சாஃப்ட்வேர் மேட்டையும் சேர்த்து வழித்துவிட்டது. மூன்று தட்டுகள் வீணாயின. கோயம்புத்தூருக்கு போன் போட்டுக் கேட்கலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி உட்கார்ந்திருந்தார். ரிசீவரை எடுத்து இரண்டு தடவை கீழே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை படத்தைச் சுருட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகமுடியாது. பால்கோவா ஊருக்கு என்ன வாங்கிக்கொண்டு போவது என்று குழம்பி, பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ மிக்சர் வாங்கினேன். ரத வீதிக்குப் பின்னால் இருந்தது வீடு. கதவைத் திறந்தவர் என்னையும் மிக்சரையும் பார்த்துவிட்டு, “வாங்கண்ணே” என்றார். அவருடைய அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

“எனக்கு ஒண்ணு தெரியல” என்றேன். படத்தை விரித்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். எதையும் பதுக்கவில்லை. தாளில் குழியை வரைந்தார், மேட்டை வரைந்தார். வெளிக்கோட்டை முதலில் காட்டிவிட்டு, மேட்டின் கோட்டைத் தனியாகக் காட்டி, இதைத் தொடாதே என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லவேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டியதுதான் என் தப்பு. “எத்தன நம்பர மாத்திப் பாத்தீங்க?” என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். “நெறைய” என்றேன். சிரித்தார். பழைய சிரிப்புதான். அதைப் பார்த்தபோது எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது.

வாசல்வரை வந்தார். நான் செருப்பை மாட்டும்போது கேட்டார்.

“நாளைக்கு இது சரியா ஓடும்ணே. யாருக்குத் தெரியாம இருந்துச்சுன்னு சார் கேட்டா, யார் பேரச் சொல்லுவீங்க?”

“வாரேம்மா” என்று கிளம்பிவிட்டேன்.

மறுநாள் மெஷின் தட்டைச் சரியாக வெட்டி முடித்தது. முதலாளி வந்து தடவிப் பார்த்து, “பாத்தியா, தெரிஞ்ச ஆளு கைல இருந்தா எப்பிடி ஓடுது” என்றார். அப்போது சொன்னேன். பூஜையன்று டூலைக் கழற்றியது, நீளவாரியாக மாட்டியது, காற்றில் ஓட்டவேண்டாம் என்று தடுத்தது, இந்தத் தட்டுக்கே நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்தது, எல்லாவற்றையும். அவர் நம்பவில்லை.

“அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதேய்யா. தெரியல தெரியலன்னு அதுவே எம்புட்டுத் தடவ சொல்லிருக்கு?”

“அதுல பாதி என் சந்தேகம் சார். அவங்க எனக்காகக் கேட்டாங்க.”

முதலாளி தெலுங்கில் ஒன்றும் சொல்லவில்லை. காரை எடுக்கச் சொல்லி என்னையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். டைப்பிஸ்டம்மா வீட்டு வாசலில் நின்று, “தப்பு எங்க பேர்லதாம்மா. நாளைக்கே வாங்க. அந்த மெஷினு உங்களுக்குத்தான்” என்றார். கை கூப்பவும் செய்தார்.

அவர் பதறிப்போய் உள்ளே அழைத்து உட்காரவைத்தார். பிறகு சொன்னார். “போன வாரம் கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன் சார். இந்த சாஃப்ட்வேர் தெரியுமான்னு கேட்டாங்க. இது இது தெரியும், இது இது தெரியாதுன்னு எழுதிக் குடுத்தேன். உடனே வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. ஒண்ணாந்தேதி சேரணும்.”

முதலாளி, “நல்லாருங்கம்மா” என்று எழுந்துகொண்டார். டைப்பிஸ்டம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவேயில்லை.

கார் ஊரைத் தாண்டியதும் முதலாளி முன்சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்டார். “சரிய்யா. இனிமே நீதான் ஓட்டணும். உள்ளதச் சொல்லு, அந்த சாஃப்ட்வேர்ல உனக்கு எது எதெல்லாம் தெரியாது?”

நான் சொல்ல ஆரம்பித்தேன். கார் ராஜபாளையத்துக்கு வந்து, பட்டறை வாசலில் நின்று, டிரைவர் இறங்கிப் போன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன்.